வேண்டுதல் வைக்காத முடி

இரண்டு மாதத்தில் திரும்ப வளர்ந்துவிடுமா? எது வளரும் அக்கா? நீ சொல்வது கீரைக்குச் சரி. கிள்ளினால் தளிர்க்கும், மறுபடி கிள்ளலாம், பருப்போடு போட்டுக் கடையலாம். என் மகன் தலையில் இருப்பது கீரை இல்லை. நேரான முடி என்றால் மேலேயிருந்து கீழே வரும், வேலை முடிந்தது. இவன் முடி முதலில் மேலே போகும், அப்புறம் பக்கவாட்டில் போகும், ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு மனசு வந்தால் கீழே இறங்கும். அது தோளைத் தொட்டதே இந்தத் தீபாவளிக்குத்தான். அதைப் போய் இரண்டு மாதம் என்கிறாய். நீ கடைசியாக முடி வளர்த்தது எப்போது? உன் கொண்டையில் பாதி சவுரி என்று எனக்குத் தெரியாதா?

ஐயா, பதறாதே. மேலே எழுதியது உனக்கு இல்லை. பாலிங்கிலிருந்து உன் அத்தை காலையில் போன் போட்டு, தான் பேசுவதைப் பேசி முடித்ததும் வைத்துவிட்டாள். என் பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதை எங்காவது இறக்கிவைக்க வேண்டும், இங்கே இறக்கிவைத்தேன். இனி எழுதுவது உனக்கு. படித்துவிட்டுப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டாலும் எனக்குக் கவலை இல்லை, எல்லோரும் படிக்கட்டும்.

எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்ய? அத்தை கோயிலுக்கு வேன் பிடித்த சேதி வந்த நாளிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. நான் வாயைத் திறந்தால் எழுந்து அறைக்குள் போய்விடுகிறாய். அதுவும் நியாயம்தான், இத்தனை வினையும் என் வாயால் வந்தது. அதனால் கையால் எழுதி, ஒவ்வொரு தாளாக மேசையில் உன் பக்கம் தள்ளுகிறேன். நீ ஈரத் தலையைப் பழைய டீ-சட்டையில் சுற்றிக்கொண்டு, படிக்காதது மாதிரி படிக்கிறாய். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். என் தமிழில் அங்கங்கே சிக்கு இருக்கும். உனக்குத்தான் சிக்கு எடுக்கத் தெரியுமே, எடுத்துக்கொள்.

முடியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று சண்டை போட்ட அன்றைக்குக் கேட்டாய். என் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாய், தப்பு. என் தலை, மறுநடவுக்காகச் செம்பனையெல்லாம் சாய்த்துவிட்ட தோட்டம் மாதிரி, அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மீசையைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். பாசாரில், சந்தையில், என் பெயர் தெரியாதவன்கூட மீசைக்காரர் என்றால் வீட்டைக் காட்டிவிடுவான். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டது எதைப் பார்த்து என்று நினைக்கிறாய்? நான் ஓட்டிய தோட்டத்து லோரியைப் பார்த்தா? நீ குழந்தையாக இருந்தபோது இரண்டு பக்கமும் பிடித்துத் தொங்கியது இதில்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கண்டிஷனர் பாட்டில் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று அம்மாவிடம் சண்டை போடுகிறாயே, அவள் பாவம், அவளை விட்டுவிடு. அது இந்த மீசைக்குப் போகிறது. நல்ல சாமான்தான், பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

நீ முடி வளர்க்க ஆரம்பித்தபோது முதலில் கேலி செய்தவனும் நான்தான். ரம்புத்தான் என்று பெயர் வைத்தேன். மலாய்க்காரர்கள் அந்தப் பழத்துக்கு முடியை வைத்துத்தானே பெயர் வைத்தார்கள், நான் உன் முடிக்குப் பழத்தை வைத்துப் பெயர் வைத்தேன், கணக்குச் சரி. காதுக்கு மேல் குடை விரித்து நிற்கும். ஹெல்மெட்டைக் கழற்றினால் உச்சியில் தட்டை, ஓரமெல்லாம் குடை. மழைக்காலத்தில் அந்தக் குடை இன்னும் பெரிதாகும். "அப்பா, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கலா, கனம் சேந்தா தானா எறங்கும்" என்பாய். உன் அம்மா பூஜை அறையைப் பார்த்துக் கும்பிடுவாள். நான் சிரிப்பேன். நீயும் சிரிப்பாய். வீட்டுக்குள் செய்கிற கேலி வேறு ஐயா. அதில் கை நீளாது.

அப்புறம் செமிலிங் ரோட்டில் மழையில் உடும்பு குறுக்கே ஓடி, நீ மோட்டார்சைக்கிளோடு சறுக்கி விழுந்து, வலது கை மாவுக்கட்டுக்குள் போனது. உன் அம்மா அழுது முடித்த கையோடு சொன்னது நினைவிருக்கிறதா? "இதான் சமயம்யா. பேசாம போத்தாக்கா மொட்ட அடிச்சிட்டு வந்துரு. கை சேர்றதுக்குள்ள முடியும் வந்துரும்." நீ மாவுக்கட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். ஒற்றைக் கையால் அந்தக் காட்டை மேய்க்க முடியாது என்று உனக்குத் தெரியும். சரி, கொண்டா சீப்பை என்று நான்தான் கேட்டேன். உன்மேல் பாசம் என்று நினைக்காதே, உன் அம்மா சொன்னதற்கு மாறாகச் செய்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

குளியலறை வாசலில் முக்காலி போட்டு உன்னை உட்காரவைத்தேன். "கீழருந்து சீவுங்கப்பா" என்றாய். நான் பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவன். எனக்குக் கீழே என்றால் வேர். வேரில் சீப்பைக் குத்தி ஒரே இழுப்பு.

"ஆ! கொன்னுட்டீங்களா! கீழன்னா நுனிப்பா, நுனி!"

"நுனி மேலதானடா இருக்கும்?"

"மரத்துக்கு மேல. மயிருக்குக் கீழ!"

"அப்பன்கிட்ட பேசுற பேச்சாடா இது?"

"வேற எப்படி சொல்றது, தல போச்சுலா!"

பக்கத்து வீட்டுச் சீனத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஆண்டவன் முடியை மட்டும் தலைகீழாக நட்டிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த நாள் நீ, முடியை மெதுவாக்குகிற சாமான் தீர்ந்துவிட்டது, வாங்கி வாருங்கள் என்றாய். நான் முச்சந்தி மளிகைக்கடை பாயிடம் போய், என் மலாய் மொழிப் புலமையைக் காட்டி, "பாய், பெலெம்புட் ஒண்ணு குடுங்க" என்றேன். மெதுவாக்குகிற சாமான், பெலெம்புட், அர்த்தம் சரிதானே? அவரும், "எந்த வாசன அண்ணே, பூவா, எலுமிச்சயா?" என்றார். பூ என்றேன். அது துணி துவைத்தபின் ஊற்றுகிற பெலெம்புட் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் படிக்கத் தெரியவில்லை. உன் தலையில் ஊற்றி நன்றாகப் பிசைந்தேன். கண் எரிகிறது என்று நீ குதித்தபோதுதான் உன் அம்மா பாட்டிலைப் பார்த்தாள். எத்தனை முறை அலசியும் போகவில்லை. காயப்போட்ட போர்வை மாதிரி மணந்துகொண்டு திரிந்தாய். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பை இப்போது யாரிடமாவது கடன் வாங்கியாவது ஒரு தரம் சிரித்துக் காட்டேன்.

இப்படித்தான் நானும் கற்றுக்கொண்டேன். காய்ந்த முடியில் சீப்பு வைக்கக் கூடாது. ஈரத்தில், வழுவழுப்பு இருக்கும்போதே, பல் அகலமான சீப்பால், நுனியில் ஒரு விரற்கடை சீவி, அப்புறம் அதற்கு மேலே ஒரு விரற்கடை, இப்படி ஏறிப் போக வேண்டும். துண்டால் துவட்டினால் நூல் நூலாகப் பிரிந்து நிற்கும், பழைய டீ-சட்டையால் ஒற்றி எடுக்க வேண்டும். முதல் நாளே தேங்காய் எண்ணெய் தடவினால்தான் ஷாம்பு முடியை வறட்டாமல் விடும். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. உனக்கே ஏன் திருப்பிச் சொல்கிறேன் என்றால், கோபம் வந்ததிலிருந்து நீ எல்லாவற்றையும் தப்பாகச் செய்கிறாய். காலையில் காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு வரட் வரட்டென்று இழுத்தாய், இங்கே வரைக்கும் சத்தம் கேட்டது. நேற்று ஈரத்தோடு இறுக்கிக் கட்டி அதன்மேல் ஹெல்மெட்டை அழுத்தினாய். கோபத்தை அத்தைமேல் காட்டு, என்மேல் காட்டு. அதன்மேல் காட்டாதே, அது உனக்கு என்ன செய்தது?

சீவிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் கேட்டேன், ஏன்டா இந்தப் பாடு, கத்தரித்துவிட்டால் காற்றாட இருக்கலாமே என்று. நீ திரும்பாமல் சொன்னாய். "சின்னதுலருந்து ஸ்கூல் தொறக்குதுன்னா வெட்டு, சீப்பு ஒடையுதுன்னா வெட்டு, யாராச்சும் கல்யாணம்னா வெட்டு. என் முடி எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுப்பா. ஒரு தடவ பாக்கணும்." எனக்குச் சிரிப்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துருதுருத்தது. சீப்பைக் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டேன்.

கை சேர்ந்த பிறகுதான் செமிலிங்கில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. நீ குளித்து, எண்ணெய் மினுங்க, பின்னால் தளர்த்தியாக முடிந்துகொண்டு, ஜிப்பா போட்டு வந்தாய். நன்றாகத்தான் இருந்தாய், என் சாயல் அப்படி. பந்தியில் உட்கார்ந்ததும் எதிர் வரிசையில் ஒரு பெரிய மனிதர், மாப்பிள்ளை வீட்டுக்காரராம், "பின்னாலேருந்து பாத்தேன், உங்களுக்கு மக இருக்குன்னு தெரியாதேண்ணே" என்றார். அதற்கு நான் பதில் வைத்திருந்தேன். அவர் வயிற்றைப் பார்த்து, உங்களுக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். பந்தி சிரித்தது, அத்தோடு போயிருக்கும். அந்த நேரம் பார்த்து உன் அத்தை பின்னால் வந்து உன் முடிச்சைப் பிடித்து, கோழியைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி தூக்கி, "கத்தரிக்கோல் இருக்கா யார்கிட்டயாச்சும்? இங்கயே வச்சி அறுத்துடறேன்" என்றாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீ இலையைப் பார்த்துக் குனிந்தாய். பருப்பு ஊற்றுகிறவன் வந்து நின்றான், நீ நிமிரவில்லை. பிள்ளைகளைக்கூடக் கேட்டுத்தான் தூக்குகிறார்கள் இந்தக் காலத்தில். வளர்ந்த ஆம்பிளை, வேலைக்குப் போகிறவன், வீட்டுக் காருக்குப் பணம் கட்டுகிறவன், அவன் தலையில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா, கைய எடு. அது வேண்டுதல் முடி."

அவ்வளவுதான். மண்டபம் அடங்கிவிட்டது. அத்தை சுடுசட்டியைத் தொட்டவள் மாதிரி கையை எடுத்தாள். எடுத்த கையால் உன் முடியைத் திரும்ப மெல்லத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மொதல்லயே சொல்லக் கூடாதாடா, பாவி" என்று என்னைத் திட்டினாள். எதிர் வரிசை மனிதர் எழுந்து வந்து, தெரியாமல் பேசிவிட்டேன் தம்பி என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். உன் இலையில் இரண்டாவது வடை விழுந்தது. அடிபட்டுப் பிழைத்தவன், அதற்குத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களாகவே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நீ விழுவதற்கு முன்னாலேயே அது கழுத்தைத் தொட்டுவிட்டதே என்று யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே ஒன்று கேட்கிறேன், நேர்மையாகப் பதில் சொல். வீட்டுக்குத் திரும்பும்போது காரில், "அப்பா, செம்மலா" என்று என் தோளில் தட்டியவன் யார்? தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அம்மாள் முடி விஷயத்தைக் கிளப்பியபோது அதே வார்த்தையைச் சொல்லித் தப்பித்து, வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டியவன் யார்? அந்த மலாய்க்கார அம்மாள், சாமி காரியம் என்றால் வலைத் தொப்பிக்குள் அடக்கிக்கொள், போதும் என்றுவிட்டாராம். நான் நட்ட மரத்தின் நிழலில் நீயும்தான் ஒதுங்கினாய். இப்போது மரம் மேலே சாய்கிறபோது மட்டும் என் பக்கம் கையைக் காட்டுகிறாய்.

அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்வேன், குற்றம் உண்டு. அவளை யார் கேட்டார்கள்? பங்குனி உத்திரத்துக்கு முடி இறக்க வேண்டும் என்று அவளே நாள் பார்த்து, வேன் பேசி, நாவிதர் பேசி, உச்சியில் தடவ அவளே கையால் சந்தனமும் அரைத்து வைத்திருக்கிறாளாம். சாமிக்கு எப்போது வேண்டுமோ அப்போது செய்துகொள்ளலாம் அக்கா என்று இழுத்துப் பார்த்தேன். "சாமி ஒனக்கு போன் போட்டு சொல்லுவாரா? உத்திரத்தன்னிக்கு வேன் வாசல்ல நிக்கும்" என்றாள். நீ என்னிடம் கத்தினாய். "நான் வேண்டிக்கவே இல்ல. இது என் தல. நீங்க எப்படி எடுத்துக் குடுப்பீங்க?" மாட்டிக்கொண்டால் நான் கேலி செய்வேன், அது என் பழக்கம், அன்றைக்கும் ஏதோ சொன்னேன். அதிலிருந்துதான் இந்த மௌனம்.

அத்தைக்கு மட்டும் என்றால் உண்மையைச் சொல்லி, வேனைத் திருப்பி அனுப்பி, அவள் ஒரு வருடம் பேசாமல் இருந்தால் நிம்மதி என்று இருந்துவிடுவேன். உன் அம்மாவை என்ன செய்ய? அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் சோறு இறங்கவில்லை அவளுக்கு. "நீங்க வெளையாட்டுக்கு சொன்னீங்க. சாமி காதுல விழுந்துருக்கும்ல? புள்ள மறுபடி மோட்டார்ல தான போறான்?" என்கிறாள். சிரிக்காதே. நீ ஹெல்மெட்டை எடுக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார். வெட்டு வெட்டு என்கிற அதே மனுஷிதான், உன் முடி உரசி உடையக் கூடாது என்று தன் பட்டுச் சேலையைக் கிழித்து உனக்குத் தலையணை உறை தைத்தாள். அவளிடம் போய், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் அந்தப் பயம் உண்டு.

ஆனால் எனக்கு ஆறாத கோபம் வேறு ஒன்று. எனக்குப் பிடித்திருக்கிறது, வளர்க்கிறேன் என்று நீ சொன்னால் பத்துக் கை நீள்கிறது. சாமிக்கு என்று சொன்னால் பத்துக் கையும் கும்பிடுகிறது. அதே தலை, அதே முடி, அதே சிக்கு. உன் விருப்பம் என்பது ஒரு காரணம் ஆகாதா இந்த ஊரில்? நானும் அதை அன்றைக்கே பந்தியில் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம், இது என் மகனுக்குப் பிடித்திருக்கிறது, கையை எடு என்று. அது போதும் என்று எனக்கே தோன்றாமல் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டேன் பார், அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. இனிமேல் யாராவது ஏன் வளர்க்கிறாய் என்று கேட்டால் காரணம் சொல்லாதே. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கட்டிக்கொள்ளப் போகிறவள் கேட்டாலும், என் தலை எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன் என்று எனக்குச் சொன்னதையே சொல். அதைக் கேட்டும் கத்தரிக்கோலைத் தேடுகிறவள் நமக்கு வேண்டாம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். வேன் வரட்டும். எல்லோரும் ஏறுவோம், நீயும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார். நான் நன்றாக யோசித்துவிட்டேன். வேண்டுதல் சொன்னது யார்? நீ இல்லை. உன் தலை இல்லை. என் வாய். அப்படியானால் சாமிக்குக் கடன்பட்டிருப்பது இந்த வாய்தான். வாய்க்கு என்று சொந்தமாக முடி உண்டா என்று தேடிப் பார்த்தேன். அதற்கு நேர் மேலேயே இருக்கிறது. நாவிதரிடம் நான் உட்காரப் போகிறேன். அத்தை அரைத்த சந்தனத்தை உதட்டுக்கு மேல் பூசிக்கொள்கிறேன். உன் அம்மாவிடம் காலையில் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "மீச இல்லாம ஒங்கள எனக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டாள். ஆனால் சோறு இறங்கியது, இரண்டாம் தரம் குழம்பு ஊற்றிக்கொண்டாள். அத்தை ஒத்துக்கொள்ளாவிட்டால் சாமியிடமே போய்க் கேட்டுக்கொள்ளட்டும், போன் நம்பர் அவளிடம்தான் இருக்கிறதே. எனக்கு ஒரே ஒரு உதவி செய். அது திரும்ப வளரும்போது குட்டையாக, முரட்டுத்தனமாக, நாலா பக்கமும் குத்திக்கொண்டு நிற்கிற ஒரு காலம் வருமே, குடைக் காலம், அப்போது எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று நீதான்—

என்ன, எழுந்துவிட்டாய்? நாற்காலியை ஏன் அப்படித் தள்ளினாய்? மீசை விஷயம் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போகிறாய்? டீ-சட்டை அவிழ்ந்து கீழே விழுந்துவிட்டது, ஈரம் சொட்டுகிறது, அம்மா கத்துவாள். திரும்பிப் பார். முடி முழுக்க முகத்தில் விழுந்து மூடிவிட்டது, சிரிக்கிறாயா, அழுகிறாயா, எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. டேய் ரம்புத்தான், நில்லுடா. நான் இன்னும் முடிக்கவில்லை.